பழைய மணலை என்ன செய்வது?

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் தொட்டி போதாமல் போகும். இரண்டடித் தொட்டியில் விட்ட மீன் வளர்ந்திருக்கும். காளான் பவளம் பாறையை மூடிவிட்டுக் கண்ணாடியில் ஏறத் தொடங்கியிருக்கும். நாலடித் தொட்டி வீட்டுக்கு வந்து சேரும். பாறையை எப்படி மாற்றுவது என்பதில் சந்தேகம் வராது. மீனைப் பிடிப்பது பெரும்பாடு, ஆனாலும் அதற்கு வழி தெரியும். அடியில் கிடக்கிற ஐந்தாறு சென்டிமீட்டர் மணலின் முன்னால்தான் கை நின்றுவிடும். பல வருடங்களாக அதில் புழுவும் நத்தையும் பாக்டீரியாவும் குடியிருக்கின்றன. அள்ளிக்கொண்டு போவதா, கொட்டிவிடுவதா?

கேட்டால் கிடைக்கும் பதில்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. "மணல்தான் தொட்டியின் உயிர், ஒரு பிடிகூட வீணாக்காதீர்கள்" என்பார் ஒருவர். "பழைய மணல் விஷம், குப்பையில் போடுங்கள்" என்பார் இன்னொருவர். நான் முதன்முறை தொட்டி மாற்றியபோது முதல் பேச்சைக் கேட்டேன். கடைக்காரர் ஒருவர் "அப்படியே அள்ளிப் போடுங்க சார், சைக்கிளிங்கே தேவைப்படாது" என்றார். (புதுத் தொட்டியில் அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகும்வரை காத்திருப்பதுதான் சைக்கிளிங்.) பிளாஸ்டிக் முறத்தால் மணலை வாரி வாளியில் போட்டு, அதையே புதுத் தொட்டியில் கொட்டினேன். தண்ணீர் சாம்பல் நிறமானது. தெளிந்துவிடும் என்று நினைத்து அன்று இரவே மீன்களை விட்டேன். விடியும்போது மீன்கள் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. என் வீட்டில் நான்கு வருடம் வளர்ந்த மஞ்சள்வால் டாம்செல் ஒன்றும் கோபி ஒன்றும் மதியத்துக்குள் போய்விட்டன. இந்தக் கேள்வியை நான் இவ்வளவு தூரம் துருவுவதற்கு அந்த இரண்டு மீன்கள்தான் காரணம்.

மணலில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பவளத் தொட்டிகளில் போடப்படுவது பெரும்பாலும் அராகோனைட், அதாவது கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம். பஹாமாஸ் தீவுகளின் ஆழமில்லாத கடலில் சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிந்து உருண்ட சின்னஞ்சிறு மணிகளாக இது உருவாகிறது. பவளத்திட்டுகளில் பவளத் துண்டும் சிப்பித் தூளும் சேர்ந்து மணலாகின்றன. கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து அரைத்துக் கழிவாக வெளியே விடுவதும் மணல்தான். கையில் எடுத்தால் சர்க்கரை போல இருக்கும் இந்தப் பொருளுக்குத் தனியாக உயிர் கிடையாது. அதன்மேல் குடியேறுபவைதான் அதை வாழும் மணலாக்குகின்றன.

குடியேறிகள் அடுக்காக உட்காருகின்றன. ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராத்ஸ்கி 1880களில் ஒரு கண்ணாடிக் குழாயில் சேற்றை நிரப்பி வெளிச்சத்தில் வைத்தார். நாளாக நாளாகச் சேற்றில் நிற நிறமாக அடுக்குகள் தோன்றின. ஆக்சிஜன் வேண்டியவை மேலே, வேண்டாதவை கீழே. நம் தொட்டியின் முன்கண்ணாடியில் மணல் ஒட்டியிருக்கும் பகுதியைக் குனிந்து பாருங்கள், அதே காட்சி தெரியும். மேலே ஒரு சென்டிமீட்டர் அளவு வெளிர் பழுப்பு. அதன் கீழே, வெளிச்சம் படும் இடத்தில் பச்சையும் கருஞ்சிவப்பும் கலந்த மெல்லிய கோடு. அடுத்தது சாம்பல் நிறம், அங்கங்கே கருப்புத் திட்டு. புழு துளைத்த வளைகளைச் சுற்றி மட்டும் செம்பழுப்பு வளையம். அந்த வளை வழியாக ஆக்சிஜன் கீழே இறங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

மேல் அடுக்கில் அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. இவை எல்லாம் பாக்டீரியா என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் மீன்காட்சியகத்தில், வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டி ஒன்றின் அடிச்சரளையிலிருந்து ஓர் உயிரைப் பிரித்தெடுத்தார்கள். அமோனியாவை உண்டு வாழும் அது ஆர்க்கியா என்னும் வேறொரு உயிர்ப் பெரும்பிரிவைச் சேர்ந்தது. நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்று பெயர் வைத்தார்கள். இந்த வகை உயிர்கள் உலகக் கடல்களில் ஏராளம் என்பது பின்னர் தெரிய வந்தது. ஒரு மீன்தொட்டியின் அடிமணல் கடலியலுக்கே பாடம் சொன்ன கதை அது. எனக்கு மிகவும் பிடித்தமானது.

கீழ் அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி, நைட்ரஜன் வாயுவை வெளியே விடுகின்றன. நைட்ரேட்டும் தீர்ந்த இடத்தில் சல்ஃபேட்டை உடைப்பவை வேலை செய்கின்றன. அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு அங்கே பிறக்கிறது. கருப்புத் திட்டு, அந்தச் சல்ஃபைடு இரும்போடு சேர்ந்த படிவு.

இந்த நுண்ணுயிர்களை நம்பி ஒரு மரபே வளர்ந்தது. இந்தோனேசியாவின் லீ சின் எங், 1961இல் உயிருள்ள பாறையையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துக் கடல் தொட்டி நடத்தலாம் என்று எழுதினார். 1980களில் பிரெஞ்சு ஆய்வாளர் ஜான் ஜோபேர் துளையிட்ட தட்டின்மேல் மணலைப் பரப்பி, தட்டுக்கு அடியில் நீர்வெளி விட்டு, மொனாக்கோவில் பவளம் வளர்த்துக் காட்டினார். 1990களில் ரான் ஷிமெக் பத்து சென்டிமீட்டருக்கும் ஆழமான நுண்மணல் படுகையை வலியுறுத்தினார். அதில் புழு, கணுக்காலி, நத்தை என்று பலவகை உயிர்கள் இருந்தால்தான் படுகை வேலை செய்யும் என்றார். ராபர்ட் டூனனும் கிறிஸ்டோஃபர் வீயும் 2005இல் ஆழம், மணியளவு, அடிவெளி ஆகியவற்றை மாற்றி மாற்றி வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அடிவெளி விடுவதால் குறிப்பிடத்தக்க ஆதாயம் எதுவும் தெரியவில்லை. ஆழ்மணல் காலப்போக்கில் கழிவுக் கிடங்காகிறது என்று அலுத்துப்போன சிலர், மணலே இல்லாத வெறுங்கண்ணாடிக்குப் போனார்கள்.

இந்த விவாதம் எல்லாம் ஓர் இடத்தில் அசையாமல் கிடக்கும் மணலைப் பற்றியது. தொட்டி மாற்றும்போது எழும் கேள்வி வேறு. பத்து நிமிடத்தில் முறத்தால் வாரி வாளியில் போட்ட மணலில் மேல் எது, கீழ் எது? ஆக்சிஜனில் வாழ்ந்தது அடியில் புதைகிறது. ஆக்சிஜன் பட்டால் செத்துவிடுவது மேலே வருகிறது. வளைகள் இடிகின்றன, புழுக்கள் நசுங்குகின்றன. மணலை மாற்றிவிட்டோம் என்று நினைக்கிறோம், உண்மையில் மாறியது மணிகளும் அழுக்கும் மட்டும். பல வருடங்களாகக் கட்டப்பட்ட அடுக்கு வாளிக்கு வருவதற்குள் இல்லாமல் போய்விடுகிறது. "அப்படியே அள்ளிப் போடு" என்ற அறிவுரை இந்த இடத்தில்தான் பொய்க்கிறது. அப்படியே அள்ள முடியாது.

மீனைக் கொல்வது எது? வாடையை வைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். அது கடும் நஞ்சுதான், உயிரணு ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே தடுத்துவிடும். ஆனால் 8.2 அளவு pH உள்ள கடல்நீரில் அதன் பெரும்பங்கு நஞ்சு குறைந்த அயனி வடிவில் இருக்கிறது. ஆக்சிஜன் நிறைந்த, நன்கு கலங்கும் நீரில் அது விரைவாகச் சிதைந்தும் போகிறது. மனித மூக்கோ மிக நுண்ணிய அளவையும் பிடித்துவிடும். ஆகவே வாடை அடிப்பதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், ஆபத்தின் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.

அமோனியா இதற்கு மாறான குணமுள்ளது. கடல்நீரின் pHஇல் அது இன்னும் கெடுதலாகிறது. pH 7இல் மொத்த அமோனியாவில் நஞ்சான வடிவம் ஒரு விழுக்காடுகூட இருக்காது. 8.2இல், நம் தொட்டிகளின் வெப்பத்தில், சுமார் 7 விழுக்காடு ஆகிவிடும். மணலுக்குள் அமோனியா எவ்வளவு என்று யோசித்தால்தான் விஷயம் பிடிபடும். மணல் படுகையில் மணிகளுக்கு இடையே இருக்கும் தண்ணீர் மட்டும் மொத்தக் கன அளவில் 40 முதல் 50 விழுக்காடு. என் பழைய தொட்டியின் அடிப்பரப்பு 60 × 45 செ.மீ., மணல் ஆழம் 6 செ.மீ., ஆக 16 லிட்டர் படுகை. அதற்குள் ஏழு லிட்டர் தண்ணீர் பல வருடங்களாகத் தனியே கிடந்திருக்கிறது. கீழே ஆக்சிஜன் இல்லாததால் அங்கே அழுகிய பொருளிலிருந்து வந்த அமோனியாவை உண்ண ஆளில்லை, அது தேங்கி நிற்கிறது. அந்த ஏழு லிட்டரையும் ஒரே நேரத்தில் தொட்டியில் கலக்குகிறோம். இது முதல் அடி. நசுங்கிச் செத்த புழுக்களும் வண்டலும் அடுத்த இரண்டு மூன்று நாள் அழுகுவது இரண்டாவது அடி. அழுகலைத் தின்று பெருகும் பாக்டீரியா தொட்டியின் ஆக்சிஜனை உறிஞ்சுவது மூன்றாவது. என் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடியதற்கு இந்த மூன்றாவதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். அன்று இரவு தொட்டியில் ஏர் பம்ப் ஓடியிருந்தால் அவை ஒருவேளை பிழைத்திருக்கும்.

மெதுவாக வேலை செய்யும் கேடு ஒன்றும் உண்டு. கால்சியம் கார்பனேட் பாஸ்பேட்டைத் தன் மேற்பரப்பில் பிடித்துவைத்துக்கொள்ளும். பல வருடம் மீன் தீவனம் விழுந்த மணல் ஒரு பாஸ்பேட் சேமிப்புக் கிடங்கு. பாஸ்பேட் இல்லாத புதிய நீரில் போட்டால், சமநிலை வரும்வரை அது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். புதுத் தொட்டியில் பாசி ஏன் அடங்கவில்லை என்று மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் மணலையும் சந்தேகிக்கலாம். இதைக் கழுவி நீக்க முடியாது. மணல் மிகப் பழையதாகவும், பழைய தொட்டியில் பாஸ்பேட் எப்போதும் உயர்ந்தும் இருந்திருந்தால் புது மணல் வாங்குவதே நல்லது.

நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் என்னும் ஒட்டுண்ணி, மீன் உடலிலிருந்து விழுந்ததும் மணலிலும் பாறையிலும் கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கூடு வெடித்து அடுத்த தலைமுறை வெளிவர 3 நாளும் ஆகலாம், 72 நாளும் ஆகலாம். அண்மையில் வெண்புள்ளி வந்த தொட்டியின் மணலை மாற்றுவது நோயையே மாற்றுவதுதான். அந்த நிலையில் மணலைத் தூக்கிப் போட யோசிக்கவே வேண்டாம்.

இவ்வளவையும் பார்த்தபின் "பழைய மணல் விஷம்" என்ற கட்சிதான் சரி என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலடுக்கில் இருப்பது ஒருசேர விலைக்கு எளிதில் கிடைக்காதது. மணலுக்குள் ஒளிந்திருந்து தீவன வாடைக்கு மூக்கை நீட்டும் நசாரியஸ் நத்தை, மயிரிழை போன்ற கையை மணல்மேல் நீட்டும் ஸ்பகெட்டி புழு, விரல்நக அளவுள்ள நொறுங்கு நட்சத்திர மீன்கள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளும் கணுக்காலிகள். மணலைச் சலித்துத் தின்னும் வேலன்சியென்னியா கோபி போன்ற மீன்களுக்கு இவைதான் உணவு. புத்தம்புது மணலில் விடப்பட்ட அந்த மீன், நாள் முழுக்க வாயில் மணலை அள்ளி அள்ளித் துப்பிக்கொண்டே மெலியும். வயிறு ஒட்டிப்போவதை நாம் கவனிப்பதற்குள் நேரம் கடந்திருக்கும். ஹாலிகோரஸ் வகை மீன்களுக்கு அந்தக் கவலை இல்லை. இரவு புதைந்து தூங்க மென்மையான மணல் வேண்டும், அது பழையதா புதியதா என்பது அவற்றுக்குப் பொருட்டில்லை.

அமோனியாவைக் கையாள மணல் கட்டாயம் தேவையா என்றால், பாறை இருக்கும் தொட்டியில் தேவையில்லை. நைட்ரஜன் சுழற்சியை நடத்தும் உயிர்கள் பாறையின் துளைகளிலும் ஸ்பாஞ்சிலும் சம்ப் என்னும் துணைத் தொட்டியின் சுவரிலும் ஒட்டி வாழ்கின்றன. ஈரம் காயாமல் பாறையை மாற்றினால் அவையும் வந்துவிடும். மீன்களின் எண்ணிக்கையை உடனே கூட்டாவிட்டால் பாறையே தாங்கும். எனவே மணலை மாற்றுவதற்குச் சொல்லும் காரணங்களில் "சைக்கிளிங்" மிகப் பலவீனமானது, உயிரினங்கள்தான் வலுவான காரணம்.

அளவையும் பார்க்கலாம். புதிய தொட்டியின் அடிப்பரப்பு 120 × 60 செ.மீ. பழைய மணல் முழுவதையும் பரப்பினாலும் இரண்டே கால் சென்டிமீட்டருக்கு மேல் தேறாது. நான்கு சென்டிமீட்டர் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 29 லிட்டர் மணல் வேண்டும். எப்படியும் புது மணல் வாங்கத்தான் போகிறோம். பழையது முழுவதும் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அந்தக் கணக்கிலேயே விழுந்துவிடுகிறது. பழைய தொட்டியின் மேல் ஒரு சென்டிமீட்டரை மட்டும் எடுத்தால் 2.7 லிட்டர். விதைநெல் போல அது போதும்.

இரண்டாம் முறை அப்படித்தான் செய்தேன். ஒரு மாதம் முன்னதாகவே, வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது மணலில் கால்பங்கு இடத்தை மட்டும் சைஃபன் குழாயால் கிளறி வண்டலை உறிஞ்சி எடுத்தேன். புது மணலைக் கழுவிப் புதுத் தொட்டியில் பரப்பி, முன்கூட்டிக் கலந்து வைத்த உப்புநீரை ஊற்றி, இரண்டு நாள் பவர்ஹெட் என்னும் நீரோட்டப் பம்ப்பை ஓடவிட்டேன். மாற்றும் நாளன்று முதலில் பழைய தொட்டியின் ஹீட்டரை அணைத்தேன். அணைக்காவிட்டால், நீர்மட்டம் இறங்கும்போது அது வெடித்துவிடலாம். கலங்காத தெளிந்த நீரில் பாதியை டப்களில் பிடித்துக்கொண்டேன். பாறைகளை ஒரு டப்பிலும், பாறை போனபின் ஒளிய இடமில்லாத மீன்களைக் காற்றுக் கல் போட்ட இன்னொரு டப்பிலும் வைத்தேன். அதுவரை மணலில் கை வைக்கவில்லை. பிறகு தட்டையான கரண்டியால் மேற்பரப்பை மட்டும், தோசை திருப்புவது போல, மெதுவாக வழித்தெடுத்தேன். சாம்பல் நிறம் தெரிந்த இடத்தில் கரண்டி நின்றது. வழித்ததைப் பழைய தொட்டி நீரில் இரண்டு முறை அலசினேன். கரண்டியில் வந்த நத்தைகளைக் கையால் பொறுக்கினேன். பாறைகளைப் புதுத் தொட்டியில் மணலை விலக்கிக் கண்ணாடியின் மேலேயே உட்கார வைத்தேன். மணல்மேல் பாறை வைத்தால் கோபி அடியில் குழி பறித்து ஒருநாள் சரித்துவிடும். விதைமணலைக் கிண்ணம் கிண்ணமாக நீருக்கடியில் கொண்டுபோய் நான்கு இடத்தில் மெல்லக் கவிழ்த்தேன். ஏர் பம்ப்பை ஓடவிட்டு, ஆக்டிவேட்டட் கார்பன் பையைப் போட்டு, அமோனியா டெஸ்ட் கிட்டில் மஞ்சள் நிறம் மாறவில்லை என்று பார்த்த பிறகே மீன்களை விட்டேன்.

கீழே மிஞ்சிய மணலையும் நான் கொட்டவில்லை. அது இனி வெறும் கனிமம் என்று முடிவு செய்துவிட்டால் அதைக் குழாய்த் தண்ணீரிலேயே கழுவலாம். முதல் வாளித் தண்ணீர் பால் விடாத காபி நிறத்தில் போனது. ஐந்தாவது வாளி அரிசி களைந்த தண்ணீர் போல இருந்தது. பத்தாவதில் அடி தெரிந்தது. கடைசியாக ஆர்.ஓ. தண்ணீரில் ஒருமுறை அலசி, வெயிலில் காயவைத்து எடுத்துவைத்தேன். இங்கே பலர் செய்யும் பிழை அரைகுறைக் கழுவல். குழாய்த் தண்ணீரும் குளோரினும் புழுவைக் கொன்றுவிடும், இரண்டு வாளியோடு நிறுத்தினால் செத்த புழு மணலிலேயே இருக்கும். கழுவாமலே போடுவதைவிட அது மோசம். உயிரோடு வைப்பதானால் தொட்டி நீரில் அலச வேண்டும், இல்லையென்றால் தெளியத் தெளியக் கழுவ வேண்டும். இடைப்பட்ட வழி கிடையாது.

வீடு மாறுபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. மூடிய வாளியில் உயிர்மணலை வண்டியில் ஏற்றினால், சில மணி நேரத்திலேயே உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். சென்னையின் மே மாத வெயிலில் இன்னும் சீக்கிரம். அகலமான டப்பில் மெல்லிய அடுக்காக, பேட்டரி ஏர் பம்ப்போடு எடுத்துச் செல்லுங்கள். அது முடியாதென்றால் மேல்மணல் ஒரே ஒரு குவளை போதும், மற்றதை மறந்துவிடுங்கள்.

பழையதைக் கொட்டிவிட்டு, செலவு மிச்சம் என்று கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வரலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மெரினாவின் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அராகோனைட் அல்ல, நகரத்தின் கழிவும் அதில் சேர்ந்திருக்கும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்திருக்கின்றன. பவளமணல் இருக்கும் மன்னார் வளைகுடாத் தீவுப்பகுதியோ 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு, பவளப்பாறையை வெட்டியெடுத்ததால் அலைக்குக் காப்பில்லாமல் நீரில் மூழ்கிவிட்டன. கல்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அங்கிருந்து ஒரு கைப்பிடியும் எடுக்கக் கூடாது. கடலை நேசிப்பதால்தானே வீட்டில் தொட்டி வைத்திருக்கிறோம்.

என் தொட்டியில் 19ஆம் நாள், கவிழ்த்த நான்கு இடங்களுக்கு வெகு தள்ளி, வலது மூலைக் கண்ணாடியோரம் மணலுக்குள் முதல் புழுவளை தெரிந்தது. மூன்று மாதத்தில் மேற்பரப்பு முழுவதும் உயிர் பரவிவிட்டது. இந்த முறை ஒரு மீனும் சாகவில்லை. தொட்டி மாற்றப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், ஏர் பம்ப்பை முன்னாலேயே வாங்கி வையுங்கள், கடைசி மீனும் டப்புக்குப் போகும்வரை மணலில் கை வைக்காதீர்கள்.